கேள்வி நேரம்: பேரன் கையில் கவிழாத கம்பனி

கேள்வி: நோர்வேயின் வில்ஹெல்ம்சன் கப்பல் கம்பனி 160 வருடத்துக்கு மேலாக ஒரே குடும்பத்தின் கையில் இருக்கிறதாமே! தாத்தா சேர்த்ததைப் பேரன் தொலைப்பான் என்பது எங்கள் கடைத்தெருவில் வழக்கம். அங்கே மட்டும் எப்படி?
– வாசகர், புறக்கோட்டை

பதில்: அங்கே பேரனையும் தாண்டி ஐந்தாம் தலைமுறை, தோமஸ் வில்ஹெல்ம்சன், நடத்திக்கொண்டிருக்கிறார். ஒஸ்லோ பங்குச் சந்தையில் பங்குகள் உண்டு, ஆனால் பிடி குடும்பத்திடம்தான்.

1861 இல் டொன்ஸ்பெர்க் என்ற துறைமுக ஊரில் மோர்ட்டன் வில்ஹெல்ம் வில்ஹெல்ம்சன் தொடங்கியது பாய்க்கப்பல் வியாபாரம். அதையே பிடித்துக்கொண்டு கிடந்திருந்தால் கதை சீக்கிரமே முடிந்திருக்கும். மகன் ஹால்ஃப்டன் நீராவிப் பக்கம் திருப்பினார். 1887 இல் முதல் நீராவிக் கப்பல் 'டாலபோ' வந்தது, கப்பல்களுக்கு ஆங்கில 'டி' (T) எழுத்தில் பெயர் வைக்கும் வழக்கமும் அதோடு ஒட்டிக்கொண்டது. பிறகு வாகனங்களை ஓட்டியே ஏற்றி இறக்கும் கப்பல்கள், 1999 இல் சுவீடனின் வலேனியஸ் குடும்பத்தோடு கூட்டு, கயிறும் இரசாயனமும் மற்றவர் கப்பல்களுக்கு விற்கும் வியாபாரம் என்று போகிறது. என்னைக் கேட்டால், அப்பா செய்த தொழிலைக் கும்பிட்டுக்கொண்டே இருக்காததுதான் காரணம்.

கவிழ இடமே இருக்கவில்லை என்றும் இல்லை. 1989 செப்டம்பரில், புதுக் கப்பலுக்குப் பெயர் சூட்டும் விழாவுக்காக ஹம்பர்க் புறப்பட்ட ஊழியர்களின் வாடகை விமானம் கடலில் விழுந்தது. இறந்த 55 பேரில் 50 பேர் கம்பனி ஆட்கள். வால் பகுதியில் தரமற்ற போல்ட்டுகள்! எந்தக் கணக்குப் புத்தகத்திலும் எழுத முடியாத நட்டம் அது.

கேள்வி: இந்தக் கம்பனிக்கும் எங்கள் கடலுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?
– வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: போர்க்காலத் தொடர்பு ஒன்று உண்டு. 1940 ஜூனில், நோர்வே ஜேர்மனியரிடம் விழுந்துகொண்டிருந்த அதே நாட்களில், அவர்களுடைய 'டிரானா' அவுஸ்திரேலியாவிலிருந்து மொம்பாசா போகும் வழியில் இந்து சமுத்திரத்தில் ஜேர்மன் போர்க்கப்பல் 'அட்லாண்டிஸ்' இடம் மாட்டியது. வேறு கப்பல்களில் பிடிபட்டவர்களையும் அதில் ஏற்றி பிரான்சுக்கு அனுப்பினார்கள். கரை தட்டுப்படும் தூரத்தில் பிரித்தானிய நீர்மூழ்கி 'டூனா' அதை மூழ்கடித்தது. சொந்தக் கட்சிக்காரர் சுட்டதில் கைதிகள் பலர் செத்தார்கள்.

கேள்வி: அகதிகளைக் காப்பாற்றிய 'டாம்பா' இவர்களுடையதா? முதலாளி கப்டனைத் திட்டவில்லையா?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: இவர்களுடையதேதான். திட்டவில்லை, கப்டனின் பக்கம் நின்றார்கள். 2001 ஓகஸ்டில், அவுஸ்திரேலியாவுக்குச் சொந்தமான கிறிஸ்மஸ் தீவுக்கு அருகே மூழ்கப்போன மரப்படகிலிருந்து, பெரும்பாலும் ஆப்கானியர்களான 433 புகலிடக் கோரிக்கையாளரை கப்டன் ஆர்னே ரின்னன் ஏற்றினார். அவரிடம் இருந்த மாலுமிகள் 27 பேர். கொள்கலன் கப்பலின் திறந்த தளத்தில், வெயிலில், இத்தனை சனம். அவுஸ்திரேலியா கரைக்கு விடாமல் படையினரைக் கப்பலில் ஏற்றியது. ஐ.நா. அகதிகள் அமைப்பின் நான்சென் விருது 2002 இல் கப்டன், மாலுமிகள், கம்பனி எல்லோருக்கும் சேர்த்துக் கிடைத்தது. அப்புறம், படகில் வந்தவர்களை பசிபிக் கடலில் உள்ள நவுரு தீவுக்கு அனுப்பும் அவுஸ்திரேலியக் கொள்கை தொடங்கியதும் அந்தச் சம்பவத்தோடுதான். 2007 இல் அதே தீவுக்கு ஏற்றப்பட்டவர்களில் 80க்கும் மேற்பட்ட இலங்கையர், பெரும்பாலும் எங்கள் தமிழ் ஆட்கள்.