384 பேரைத் தேடி அலைய வேண்டாம், தம்பி

தம்பி, திருச்சியிலிருந்து மலேசியாவின் பினாங்கு வந்து, யுஎஸ்எம் என்ற மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் முதுகலை ஆய்வு சேர்ந்திருக்கிறீர்கள். இங்கே சாப்பாட்டுக் கடைகளில் வேலை செய்யும் நம்மூர்க்காரர்கள் ஊரில் வாங்கிய கடனை எப்படி அடைக்கிறார்கள் என்பது தலைப்பு. வினாப்பட்டியலா, நேர்காணலா என்று சூப்பர்வைசர் கேட்கிறார். சீனியர்களோ, "384 பேரிடம் வினாப்பட்டியலை நிரப்பி வாங்கி, எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளில் போடு, சீக்கிரம் முடியும்" என்கிறார்கள். நானும் இங்கே படிக்க வந்து இங்கேயே குடும்பமாகிவிட்டவன். நேர்காணலுக்கே போங்கள் என்பேன்.

அந்த 384 எங்கிருந்து வந்தது தெரியுமா? எத்தனை பேர் உள்ள கூட்டத்தில் எத்தனை பேரிடம் கேட்டால் போதும் என்று கிரெஜ்சி, மோர்கன் இருவரும் 1970இல் வெளியிட்ட அட்டவணை அது. மொத்தம் பத்து லட்சம் பேர் என்றால் 384, ஐந்நூறு பேர் என்றால் 217 என்று கணக்குப் போட்டுத் தந்திருப்பார்கள். இங்குள்ள தீசிஸ்களில் அடிக்கடி கண்ணில் படும். ஆனால் அந்தக் கணக்கு, பட்டியலில் உள்ள யாரை வேண்டுமானாலும் குலுக்கல் முறையில் எடுக்க முடியும் என்ற அடிப்படையில் நிற்கிறது. பினாங்குக் கடைத் தொழிலாளர்களின் பெயர்ப்பட்டியல் உங்களிடம் இருக்கிறதா? ஒரு மாணவருக்கு அதை யார் தரப்போகிறார்கள்? ஒருவரைப் பிடித்து, அவர் கூட்டாளியைப் பிடித்து, அப்படித்தான் போக வேண்டியிருக்கும். அந்த வழியில் 384 பேரைச் சேர்த்தாலும் அட்டவணை உங்களுக்குச் சாட்சி சொல்லாது. வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும்.

அப்புறம், இங்கே லெபு பாசார் தெருப் பக்கம் ஒரு கடையில் வினாப்பட்டியலை முதலாளி கையில் கொடுத்துப் பாருங்கள். கல்லாவுக்குப் பக்கத்திலேயே நிற்கவைத்து நிரப்பச் சொல்வார். 'இங்கு வேலை செய்வதில் திருப்தியா' என்ற வரியில் வரிசையாக எல்லோரும் 'மிகவும் திருப்தி' என்ற 5ஐ வட்டமிட்டிருப்பார்கள். வினாப்பட்டியலின் நம்பகத்தன்மையை அளக்கும் க்ரோன்பாக் ஆல்ஃபா என்ற எண், வழக்கமாகப் போதும் என்று கொள்ளப்படும் 0.7ஐத் தாண்டினால் சந்தோஷப்படாதீர்கள். கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்பதைத்தான் அது காட்டும், ஆள் உண்மை சொன்னாரா என்பதை அல்ல. அதே ஆள் ஓய்வு நாளில் எஸ்பிளனேட் பக்கம் கடலைப் பார்த்து உட்காரும்போது, ஏஜெண்டுக்குக் கட்டிய பணம் யாரிடம் வாங்கியது, மனைவியின் நகை எங்கே அடகில் கிடக்கிறது, தவணை தவறினால் யார் வீட்டு வாசலில் வந்து நிற்பார் என்று தானாகவே சொல்வார். உங்கள் தலைப்புக்கு வேண்டியது அந்தப் பேச்சுதான். எத்தனை சதவீதம் பேர் கடனில் இருக்கிறார்கள் என்பது உங்கள் கேள்வியாக இருந்தால் நான் வேறு மாதிரி சொல்லியிருப்பேன்.

எத்தனை பேர் போதும் என்பீர்கள். 12 என்று ஒரு எண் சுற்றிக்கொண்டிருக்கிறது. 2006இல் கெஸ்ட், பன்ஸ், ஜான்சன் மூவரும் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது. கானாவிலும் நைஜீரியாவிலும் 60 பெண்களிடம் எடுத்த நேர்காணல்களில், முக்கியமான விஷயங்கள் பெரும்பாலும் முதல் 12க்குள்ளேயே வந்துவிட்டன. ஆனால் அவர்கள் ஓரளவு ஒரே மாதிரியான சூழலில் இருந்தவர்கள், கேட்கப்பட்டதும் ஒரே மாதிரியான கேள்விகள். உங்கள் ஆட்களில் சமையல்காரர் ஒரு ரகம், தட்டுக் கழுவுபவர் ஒரு ரகம், போன மாதம் வந்தவர் இன்னொரு ரகம். புதிதாக எதுவும் வராத நிலை வரும்வரை போய்க்கொண்டே இருங்கள். ஆனால் ஒரு மணி நேரப் பதிவைத் தட்டச்சு செய்ய நாலைந்து மணி நேரம் பிடிக்கும், அதைக் கால அட்டவணையில் இப்போதே போட்டுவிடுங்கள். கடைக்குள் பதிவு செய்யாதீர்கள், தட்டுச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது.

இரண்டு முறையையும் கலந்து செய்யலாமே என்று யாராவது சொல்வார்கள். முதுகலைக்கு அது இரட்டை வேலை, விடுங்கள்.

ஆய்வு நெறிமுறைக் குழுவின் (யுஎஸ்எம்மில் அதன் பெயர் ஜெபெம்) அனுமதி கைக்கு வந்த பிறகே முதல் நேர்காணலுக்குப் போங்கள். வேலை பெர்மிட்டில் இருப்பவர்களுக்குக் கையெழுத்து என்றாலே பயம். வாய்மொழிச் சம்மதத்தைப் பதிவு செய்துகொள்ளலாமா என்று விண்ணப்பத்திலேயே காரணத்தோடு கேட்டுவிடுங்கள். பாஸ்போர்ட் எண், கடைப் பெயர் எதுவும் உங்கள் குறிப்பேட்டில் இருக்கவே கூடாது.

கேள்விகளை எழுதியதும் யாரிடமாவது கேட்டுப் பழக வேண்டும் என்றால் என்னிடம் வாருங்கள். கடன் அடைத்த கதை என்னிடமும் உண்டு, தே தாரிக் (இங்கத்திய ஆற்றிய டீ) மட்டும் உங்கள் செலவு.