வாசகர் கேள்வி – பதில்: சொந்தக் கதை சொல்லும் மாலைகள்

திருகோணமலையில் மாதம் ஒருமுறை, எவரும் மேடையேறித் தமது வாழ்வில் நடந்த ஒன்றைத் தாமே சொல்லும் மாலை நிகழ்ச்சியைத் தொடங்கலாம் என்று ஒரு வாசகர் எழுதிய யோசனையைச் சென்ற இதழில் வெளியிட்டிருந்தோம். அதையொட்டி வந்த கேள்விகளில் ஐந்தை இம்முறை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: பட்டிமன்றம், கவியரங்கம், பேச்சுப்போட்டி எல்லாம் நம் ஊரில் காலங்காலமாக நடக்கின்றன. இந்த ‘ஓப்பன் மைக்’ கதை மாலை அவற்றிலிருந்து எவ்வகையில் வேறுபட்டது? இதற்கு முன்மாதிரி ஏதும் உண்டா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, உவர்மலை

பட்டிமன்றத்தில் ஒருவர் ஒரு கட்சிக்காக வாதாடுகிறார். கவியரங்கில் தமது புலமையை முன்வைக்கிறார். பேச்சுப்போட்டியில் கொடுத்த தலைப்புக்குக் கருத்துச் சொல்கிறார். கதை மாலையில் இம்மூன்றுக்கும் இடமில்லை. சொல்பவர் தாம் நேரில் பட்ட ஒன்றை, அது நடந்த வரிசையில், தமது வாயால், தாளைப் பார்க்காமல் சொல்லிவிட்டு இறங்குகிறார். அதனால்தான் மேடைப் பழக்கம் இல்லாத மீன் வியாபாரியும் தாதியும் முச்சக்கரவண்டி ஓட்டுநரும் இதற்குள் எளிதில் வர முடிகிறது. நமது கூத்தும் வில்லுப்பாட்டும் கதாப்பிரசங்கமும் பிறர் கதையை, பெரும்பாலும் புராணக் கதையை, பயின்ற கலைஞர் வழியாகச் சொல்வன. சொந்தக் கதையைச் சொல்ல நமக்குத் திண்ணையும் செத்தவீடும் கிணற்றடியும் இருந்தனவே தவிர மேடை இருந்ததில்லை.

முன்மாதிரி உண்டு. அமெரிக்க எழுத்தாளர் ஜோர்ஜ் டோஸ் கிறீன் 1997இல் நியூயோர்க்கில் ‘த மொத்’ (விட்டில்) என்ற பெயரில் இத்தகைய மாலையைத் தமது வீட்டு வரவேற்பறையிலேயே தொடங்கினார். ஜோர்ஜியா மாநிலத்தில் நண்பர்களுடன் இரவில் விறாந்தையில் அமர்ந்து கதை பேசிய பழக்கத்தை நகரத்தில் மீட்டெடுப்பதே அவர் நோக்கம்; வலைக்கம்பியின் ஓட்டைவழியே விளக்கை நாடி வந்த விட்டில்களை வைத்தே பெயரும் இட்டார். இன்று அதன் கதைகள் வானொலியிலும் ஒலிக்கின்றன. அவர்கள் நடத்தும் திறந்த போட்டி மாலைகளில் கருப்பொருள் முன்கூட்டியே அறிவிக்கப்படும். சொல்ல விரும்புவோர் பெயரைப் பையில் போடுவர். அதிலிருந்து பத்துப் பேர் ஒவ்வொருவராக எடுக்கப்படுவர். ஒருவருக்கு ஐந்து நிமிடம். கதை உண்மையாகவும் சொல்பவருடையதாகவும் இருக்கவேண்டும். குறிப்புத் தாள் கூடாது. அவையிலிருந்தே தெரிவான நடுவர்கள் புள்ளியிடுவர்.

இவற்றுள் புள்ளியிடுவதை மட்டும் நாம் விட்டுவிடவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆண்டு ஐந்துப் புலமைப்பரிசில் பரீட்சையிலிருந்தே வெட்டுப்புள்ளியைப் பார்த்துப் பார்த்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு, தமது வாழ்க்கையையும் யாரோ பத்துக்கு எத்தனை என்று அளக்கும் இன்னோர் இடம் தேவையில்லை. அதேபோல் பிரதம விருந்தினர், வரவேற்புரை, பொன்னாடை, நன்றியுரை ஆகியவற்றையும் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். இரண்டு மணி நேர நிகழ்ச்சியில் முக்கால் மணி நேரத்தை அவை விழுங்கிவிடும்; அதைவிட, இந்த மேடை யாருக்கு உரியது என்பதையே முதல் பத்து நிமிடத்தில் மாற்றிவிடும்.

கேள்வி: நான் கிண்ணியாவைச் சேர்ந்தவன். பாலம் வருமுன், நான் ஏழு வயதாக இருந்தபோது, ஒரு நாள் இரவு உம்மாவுக்குப் பிரசவ வலி கண்டு, பாதை (கரை கடத்தும் மிதவை) ஓடாத அந்நேரத்தில் வாப்பா தோணி பிடித்து உம்மாவைத் திருகோணமலைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அதை எழுதிப் பார்த்தேன். நான்கு பக்கம் வந்துவிட்டது. ஐந்து நிமிடத்திற்குள் எப்படிச் சொல்வது?
– இளைஞர், கிண்ணியா

தம்பி, நீங்கள் அனுப்பிய நான்கு பக்கங்களையும் படித்தேன். முதற்பக்கம் கிண்ணியாவின் வரலாறு. இரண்டாம் பக்கம் 2009 ஒக்டோபரில் திறக்கப்பட்ட பாலத்தைப் பற்றியும் அதற்கு முன் மக்கள் பாதைக்காகக் காத்துக்கிடந்ததைப் பற்றியும். மூன்றாம் பக்கத்தில்தான் அந்த இரவு வருகிறது. நான்காம் பக்கம் தாயின் பெருமை. உங்கள் கதை மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது. அதுவும் பக்கத்தின் நடுவில், துறையடியில் வாப்பா உங்கள் கையில் அரிக்கன் லாம்பைக் கொடுத்து, “லாம்ப ஆட்டாமப் புடி மகன்” என்று சொல்லிவிட்டுத் தோணிக்காரரை எழுப்ப ஓடும் இடத்தில் தொடங்குகிறது. அங்கேயே தொடங்குங்கள். “அவையோருக்கு வணக்கம்” என்றுகூடச் சொல்லவேண்டாம். கேட்பவர்கள் எல்லோரும் இந்த ஊரவர்கள். பாதை என்றால் என்ன, அது எத்தனை மணிக்கு நின்றுபோகும் என்று அவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. வெளியூரவர் இருந்தால், “அப்போது பாலம் இல்லை” என்ற மூன்று சொற்கள் போதும்.

அடுத்து, அந்த இரவில் உங்களுக்கு என்ன போய்விடும் என்ற பயம் இருந்தது என்பதைக் கேட்பவர் முதல் நிமிடத்திற்குள் உணரவேண்டும். உம்மாவின் உயிர் பற்றிய பயம் பெரியவர்களுடையது. உங்கள் பக்கங்களில் ஒரே ஒரு வரியில் வேறொன்று இருக்கிறது: லாம்பு அணைந்தால் தோணி கரையைக் காணாது, அது என் பிழையாகிவிடும் என்று நீங்கள் நினைத்துக்கொண்டு நின்றது. அந்த ஒரு வரியே உங்கள் கதையின் முதுகெலும்பு. தோணி புறப்பட்டு, துடுப்புச் சத்தம் தேய்ந்து, உம்மம்மா வந்து கையைப் பிடித்து இழுத்தும் நீங்கள் லாம்பைக் கீழே வைக்க மறுத்தது வரைக்கும் எல்லாவற்றையும் அந்த வரிதான் தாங்கி நிற்கிறது. அதோடு சேராத எதையும், எவ்வளவு அழகாக எழுதியிருந்தாலும், எடுத்துவிடுங்கள். பாலத் திறப்பு விழாப் பந்தி நன்றாக இருக்கிறது. அது வேறொரு மாலைக்கு உரியது.

நான்காம் பக்கத்தை முற்றாக நீக்கிவிடுங்கள். தாய்மை உயர்ந்தது என்று ஏற்காதவர் அவையில் எவரும் இல்லை. அதைச் சொன்ன கணத்திலேயே உங்கள் கதை பேச்சுப்போட்டியாகிவிடும். தங்கச்சி பிறந்த சேதி காலையில் யார் வாயால், எந்த நேரத்தில், எந்தச் சொற்களில் உங்களுக்கு வந்தது என்று சொல்லி நிறுத்துங்கள்.

சொல்லும் மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. எழுத்தில் “என் தந்தையார் என்னை நோக்கிக் கூறினார்” என்று எழுதியிருக்கிறீர்கள். மேடையில் நீங்கள் வீட்டில் பேசும் கிண்ணியாத் தமிழிலேயே சொல்லுங்கள். ‘வாப்பா’ வாப்பாவாகவே இருக்கட்டும். திருத்தமான தமிழில் சொல்லவேண்டும் என்ற கூச்சத்தால் நம் ஊர்களில் எத்தனையோ நல்ல கதைகள் ஒலிவாங்கிக்கு முன் விறைத்துப்போகின்றன.

பயிற்சி செய்யும்போது நான்கு பக்கத்தையும் மனப்பாடம் செய்யவேண்டாம். ஒரு சொல் மறந்தால் முழுவதும் அறுந்துவிடும். முதல் வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் மட்டும் உறுதியாக வைத்துக்கொண்டு, நடுவில் நடந்தவற்றின் வரிசையை நினைவில் கொண்டு, நண்பர் ஒருவரிடம் கடிகாரத்தைக் கொடுத்து இரண்டு மூன்று தரம் சொல்லிப் பாருங்கள். எந்த இடத்தில் அவர் கைத்தொலைபேசியைப் பார்க்கிறாரோ அந்த இடம் நீளம்.

கேள்வி: 2006இல் போரால் நாங்கள் சம்பூரிலிருந்து ஓடிவந்தபோது, கட்டி வைத்த மாடுகளை அவிழ்த்துவிட வேண்டுமென்று என் அண்ணா தனியே திரும்பிப் போனார், இரண்டு நாள் கழித்துத்தான் வந்துசேர்ந்தார். அதைச் சொல்ல விரும்புகிறேன். ஆனால் அண்ணா, “அதை மேடையில் சொல்லாதே” என்கிறார். கதை என்னுடையதும்தானே?
– வாசகி, மூதூர்

சகோதரி, வந்த கேள்விகளில் என்னை அதிக நேரம் யோசிக்க வைத்தது உங்களுடையதுதான்.

அந்த இரண்டு நாளில் அண்ணா கண்டதும் பட்டதும் அவருக்குரியவை. அவர் வாய் திறக்காத வரையில் அவற்றை நீங்கள் ஊகித்து நிரப்பவும் கூடாது; நிரப்பினால் உண்மைக் கதை என்ற நிபந்தனையும் அங்கேயே முறிந்துவிடும். ஆனால் அதே இரண்டு நாள் அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து நீங்கள் காத்திருந்தது முழுக்க முழுக்க உங்களுடையது. அம்மா யாரைத் திட்டினார், சமைத்த சோற்றில் அண்ணாவின் பங்கை எடுத்து வைத்தாரா, நீங்கள் எந்த வழியைப் பார்த்துக்கொண்டு இருந்தீர்கள் என்பவற்றைச் சொல்ல எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை. கதையை அவர் புறப்பட்டதிலிருந்து தொடங்கி, அவர் வந்து வாசலில் நின்றதோடு முடிக்கலாம்.

இருந்தாலும் மேடையேறுமுன் அதை அண்ணாவிடம் ஒருமுறை சொல்லிக் காட்டுங்கள். திருகோணமலை போன்ற ஊரில் அவையில் இருப்பவர்களில் பாதிப்பேர் சொந்தக்காரர், மீதிப்பேர் தெரிந்தவர். பெயரை மறைத்தாலும் இன்னார் வீட்டுக் கதை என்று தேநீர் குடிக்கும் நேரத்திற்குள் தெரிந்துவிடும். கேட்ட பிறகும் அவர் வேண்டாம் என்றால், இந்தக் கதையை இப்போதைக்கு வைத்துவிட்டு இன்னொன்றைச் சொல்லுங்கள். கிளிவெட்டி முதலிய இடங்களின் முகாம்களில் ஆண்டுக்கணக்காக வாழ்ந்துவிட்டுத் திரும்பிய குடும்பங்களில் கதைக்குப் பஞ்சமில்லை, அண்ணா ஒருவர்தான்.

இன்னொன்று உங்கள் மனநிலை. சொல்லத் தொடங்கினால் நிறுத்த முடியாமல் அழுகை வரும் கதையென்றால், அது இன்னும் மேடைக்கு வரவில்லை என்று பொருள். அழுவது தவறென்று சொல்லவில்லை. ஆனால் கேட்பவர்கள் உங்களைத் தாங்கவேண்டிய நிலை வந்தால், ஐந்து நிமிடம் முடிந்ததும் அவர்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள், நீங்கள் தனித்துவிடுவீர்கள். அந்த நிலையில் முதலில் நெருங்கிய ஒருவரிடம், அல்லது தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தில் பேசுவதே நல்லது.

ஏற்பாட்டாளர்களுக்கும் இதில் ஒரு கடமை உண்டு. சொல்பவர் தெளிவாகச் சம்மதிக்காமல் ஒலிப்பதிவோ காணொளியோ எடுக்கக் கூடாது. அவையில் இருப்பவர்கள் கைத்தொலைபேசியில் நேரலை செய்யக் கூடாது என்பதைத் தொடக்கத்திலேயே அறிவிக்கவேண்டும். போரைப் பற்றிய கதைகள் வரும் ஊரில் இது வெறும் மரியாதையோடு நிற்பதில்லை; சொல்பவரின் பாதுகாப்பும் இதில் அடங்கியிருக்கிறது.

கேள்வி: எங்கள் வாசிப்பு வட்டம் நிகழ்ச்சியை நடத்த ஆயத்தமாக உள்ளது. இரவு எட்டு மணிக்கு டச்பே கடற்கரையில் நடத்தினால் அழகாக இருக்குமல்லவா? சிங்களம் பேசும் அயலவர்களும் வரலாமா?
– வாசிப்பு வட்டத்தினர், திருகோணமலை நகர்

அழகாக இருக்கும், ஆனால் யார் வருவார்கள் என்று யோசித்துப் பாருங்கள். இரவு எட்டு மணி என்றால் பெண்களில் பலரும், குச்சவெளி, தம்பலகாமம், மூதூர்ப் பக்கத்தவர்கள் அனைவரும் வரமாட்டார்கள்; பேருந்து கிடைக்காது. போயா விடுமுறை நாளில் பிற்பகல் நான்கு மணிக்குத் தொடங்கி, மஃரிப் (அந்தித் தொழுகை) பாங்குக்கு முன் முடிப்பதுதான் எல்லோருக்கும் ஒத்துவரும். கடற்கரையில் காற்று ஒலிவாங்கிக்குள் புகுந்து இரையும். மாரியில் மழை, கச்சான் வீசும் மாதங்களில் வெக்கையும் புழுதியும். ஐம்பது கதிரை கொள்ளும் பாடசாலை வகுப்பறையோ சனசமூக நிலையமோ போதும். சிறிய அறையில் ஒலிபெருக்கியைக் குறைத்து வைத்தால் சொல்பவர் கத்தவேண்டியதில்லை, தாழ்ந்த குரலுக்கும் இடம் கிடைக்கும்.

சிங்கள அயலவர்கள் வரலாம், வரவேண்டும். வாக்கியத்துக்கு வாக்கியம் மொழிபெயர்ப்பது கதையைக் கொன்றுவிடும். அவர் தமது மொழியில் முழுவதும் சொல்லி முடித்தபின், இருமொழியும் அறிந்த ஒருவர் ஒரு நிமிடத்தில் சுருக்கிச் சொல்லட்டும்.

கேள்வி: முதல் மாலையில் ஒருவருமே பெயர் கொடுக்காவிட்டால் என்ன செய்வது?
– அதே வாசிப்பு வட்டத்தினர்

பெரும்பாலும் அப்படித்தான் நடக்கும், அதற்காக அஞ்சவேண்டாம். இரண்டு பேரை முன்னரே ஆயத்தப்படுத்தி வையுங்கள். அவர்களில் முதலில் சொல்பவர் தேர்ந்த பேச்சாளராக இருக்கவே கூடாது. நன்றாகப் பேசுபவர் தொடங்கினால் மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு கேட்கத் தொடங்கிவிடுவார்கள். சற்றே தடுமாறும் ஒருவர் தொடங்கினால், ‘என்னாலும் முடியும்’ என்று பின்வரிசையில் ஒருவருக்குத் தோன்றும். வாசலில் வருவோர் எல்லோருக்கும் ஒரு துண்டுக் காகிதமும் பேனாவும் கொடுத்து, அன்றைய கருப்பொருளைப் பற்றி ஒரே வாக்கியம், பெயரில்லாமல், எழுதச் சொல்லுங்கள். ‘த மொத்’ மாலைகளிலும் இவ்வழக்கம் உண்டு. தொகுப்பாளர் கதைகளுக்கு இடையில் அவற்றை ஒவ்வொன்றாக வாசிக்கட்டும். ‘கடைசி பஸ்’ என்பது கருப்பொருளாக இருந்தால், ஒரு வரியில் எழுதியவர்களில் ஒருவராவது தேநீர் இடைவேளையில் உங்களிடம் வந்து அதன் மீதியைச் சொல்லத் தொடங்குவார். அவரைச் சொல்லவிடாதீர்கள். பெயரைக் கேட்டு, பைக்குள் போட்டுவிடுங்கள்.