மூத்தார் வீட்டில் வளரும் பிள்ளைகள்

கேள்வி: பாம்பன் பக்கம் கடல்பாசி எடுத்துப் பிழைப்பவள் நான். இரண்டு வருடங்களுக்கு முன் என் கணவர் கடலில் இறந்தார். கருமாதி முடிந்த கையோடு, தொண்டியிலிருக்கும் மூத்தார் (கணவரின் அண்ணன்), என் பிள்ளைகள் இருவரையும் படிக்கவைப்பதாகச் சொல்லி அழைத்துப்போனார். 20 ரூபாய்ப் பத்திரத்தில் என் கையெழுத்தையும் வாங்கிக்கொண்டார். மகளுக்கு 12 வயது, மகனுக்கு 7. இப்போது திருப்பிக் கேட்டால், "மாதத்தில் பாதி நாள் கடலுக்குள் கிடக்கிறவள் எப்படி வளர்ப்பாய்?" என்கிறார். பிள்ளைகள் எனக்குக் கிடைப்பார்களா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அம்மா, நீங்கள் இந்து என்று கொண்டு எழுதுகிறேன். 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டப்படி, தந்தைக்குப் பின் தாயே இயற்கைக் காப்பாளர், அதாவது சட்டம் தானாகவே ஏற்கும் பாதுகாவலர். பெரியப்பாவுக்கு அந்த இடம் இல்லை. நீங்கள் போட்ட கையெழுத்து, பிள்ளைகளை அவர் வீட்டில் விட்டுவைக்கச் சம்மதித்ததற்குச் சான்றாகலாமே தவிர, அந்த உரிமையை அவருக்கு மாற்றித் தந்துவிடாது. பாசி எடுக்கும் தொழிலும் குறையன்று. நீங்கள் கடலில் இருக்கும் நேரத்தில் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதற்குத் தெளிவான பதில் இருந்தால் போதும்.

ஆனால் உரிமை இருப்பதாலேயே பிள்ளைகள் வந்துவிடுவார்கள் என்று நம்பிவிடாதீர்கள். நீதிமன்றம் முதலில் பார்ப்பது குழந்தையின் நலனை. தாய் இறந்தபின் தாயின் உடன்பிறந்தோரிடம் வளர்ந்த குழந்தையை, தந்தையிடமே ஒப்படைக்க வேண்டும் என்ற தீர்ப்பை 2019-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. 2008-இல் வேறொரு வழக்கில், சிறுவனின் விருப்பத்தையும் தந்தை மீதிருந்த வரதட்சணைக் கொடுமை வழக்கையும் கருதி, அவனைத் தாய்வழித் தாத்தா பாட்டியிடமே விட்டது. உங்கள் மகளையும் நீதிபதி தனியே அழைத்துப் பேசக்கூடும். இந்த இரண்டு வருடங்களில் எத்தனை முறை தொண்டிக்குப் போய் அவளைப் பார்த்தீர்கள்? நீங்கள் எழுதவில்லை; எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்கப்போகும் முதல் கேள்வி அதுதான். ஆகவே, ஊர்ப் பெரியவர்களையும் ஆட்களையும் கூட்டிக்கொண்டு போய்ப் பிள்ளைகளை இழுத்துவராமல், இப்போதிருந்தே போய்ப் பாருங்கள். பார்க்க விடாவிட்டால் அந்த நாளைக் குறித்துவையுங்கள்.

பிள்ளைகள் வழக்கமாக வசிக்கும் இடத்துக்குரிய நீதிமன்றத்தில்தான், 1890-ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டத்தின் 25-ஆம் பிரிவில் மனுச் செய்ய வேண்டும். தொண்டியும் நம் மாவட்டமே என்பதால் அலைச்சல் குறைவு. தீர்ப்பு வரும்வரை வாரந்தோறும் பிள்ளைகளைச் சந்திக்க இடைக்கால உத்தரவும் கேளுங்கள். கணவரின் நிவாரணப் பணம் பற்றிய சண்டை இருந்தால், அதை இந்த மனுவில் கலக்காதீர்கள்.

பெண் என்பதால், வருமானம் எவ்வளவானாலும் உங்களுக்கு இலவச வழக்கறிஞர் உண்டு. ராமநாதபுரம் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், 15100 என்ற எண்ணிலும் பேசலாம். பிறப்புச் சான்றுகள், கணவரின் இறப்புச் சான்று, குடும்ப அட்டை ஆகியவற்றை எடுத்துச்செல்லுங்கள். அந்தப் பத்திரத்தின் நகல் கையில் இல்லாவிட்டாலும், அதில் என்ன எழுதியிருந்தது என்பதை வழக்கறிஞரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.