கேர் ஹோம்ல பிஸியோ ஸ்டூடண்ட்: நீங்க கேட்ட சில கேள்விகள்

பிஸியோதெரபி படிக்கற பசங்கள கேர் ஹோமுக்கு, அதாவது முதியோர் இல்லத்துக்கு, பிளேஸ்மென்ட்ல (நேரடிப் பயிற்சிக்கு) வச்சு மேற்பார்வை பாக்கறதப் பத்தி, இங்கிலாந்துல வேலை பாக்குற நம்ம பிஸியோக்கள் சில பேர் கேட்டது, ஒவ்வொண்ணா சொல்றேன்.

நான் வாரத்துல ரெண்டு நாள்தான் அந்த ஹோமுக்குப் போறேன். மத்த நாள் ஸ்டூடண்ட யார் பாத்துக்கறது?

ஹோம்ல இருக்கற நர்ஸோ சீனியர் கேரரோ (அங்க இருக்கறவங்கள தினமும் கவனிச்சுக்கற ஊழியர்) பாத்துக்கலாம், லாங் ஆர்ம் சூப்பர்விஷன்னு சொல்றது இதைத்தான், ஆனா ஸ்டூடண்ட அசெஸ் பண்ற பொறுப்பு உங்களோடது. யாரை ஸ்டூடண்ட் நடக்க வைக்கலாம், யாரை நீங்க வர்ற வரைக்கும் எழுப்பவே கூடாது, யாராவது விழுந்துட்டா மொதல்ல யாருக்குச் சொல்லணும், இதெல்லாம் மொத நாளே எழுதிக் குடுத்துடுங்க. தினமும் ஒரு போன் நீங்களே பண்ணுங்க, "டவுட் இருந்தா கூப்பிடு"ன்னு விட்டா பல பசங்க தயங்கிட்டு கூப்பிடவே மாட்டாங்க.

இந்த நேரம் ஸ்டூடண்ட் முடிக்க வேண்டிய அந்த 1000 மணி நேரப் பயிற்சிக் கணக்குல வருமா?

வரும். பிஸியோக்களோட சங்கமான சார்ட்டர்ட் சொசைட்டி எதிர்பாக்கற 1000 மணி நேரம் ஆஸ்பத்திரி வார்டுல மட்டும்தான் இருக்கணும்னு இல்ல. யூனிவர்சிட்டிகிட்ட முன்னாடியே பேசிடுங்க.

டிமென்ஷியா (மறதி நோய்) இருக்கறவங்கள எழுப்பப் போனா அடிக்க வர்றாங்க. ஸ்டூடண்ட் "ஒத்துழைக்கல"ன்னு நோட்ஸ் எழுதிட்டு அடுத்த ரூமுக்குப் போயிடறாங்க. என்ன பண்றது?

அந்த ஒரு வார்த்தைய ஏத்துக்காதீங்க, இந்த பிளேஸ்மென்ட்டோட உயிரே இங்கதான் இருக்கு. ஏன் வேண்டாம்னாங்கன்னு தேடச் சொல்லுங்க: வலியா, பேட் ஈரமா, காதுல மெஷின் இல்லையா, கண்ணாடி எங்க, காலைல தூக்கக் கலக்கமா. வாய் விட்டுச் சொல்ல முடியாதவங்களுக்கு வலிய அளக்கற பெய்னேட் ஸ்கேல் இருக்கு, மூச்சு, முனகல், முகம், உடம்பு அசைவு, சமாதானப்படுத்தினா அடங்கறாங்களான்னு அஞ்சு விஷயம், ஒவ்வொண்ணுக்கும் 0லேருந்து 2, மொத்தம் 10. முடிவெடுக்கற திறனப் பத்தின 2005 மென்டல் கெப்பாசிட்டி சட்டமும் சேத்து சொல்லிக் குடுங்க, டிமென்ஷியான்னு பேப்பர்ல இருக்கறதால மட்டும் அவங்களுக்கு முடிவெடுக்கத் தெரியாதுன்னு நெனைக்கவே கூடாது, இப்ப நடக்கலாமாங்கற அந்த ஒரு முடிவுக்கு, அந்த நேரத்துல அவங்களால முடியுதான்னுதான் பாக்கணும். அப்புறம் எக்ஸர்சைஸ்னு தனியா கூப்பிடாம சாப்பாட்டு டேபிளுக்கு, டாய்லெட்டுக்கு போற நடையிலயே வேலைய வைக்கச் சொல்லுங்க, சேர்லேருந்து எழுந்திருக்கறதே நல்ல பயிற்சி. அத கேரருக்கும் சொல்லிக் குடுத்துட்டு வந்தா ஸ்டூடண்ட் போன பிறகும் அங்க இருக்கறவங்க நடப்பாங்க.

மேனேஜர் ஸ்டூடண்ட கேரர் மாதிரி வேலை வாங்கறாங்க. இது சரியா?

கேரர் கூட சேந்து குளிப்பாட்டறது, டிரஸ் போட்டு விடறது நல்லது, யாரோட தோள் எவ்ளோ தூக்குதுன்னு அங்கதான் தெரியும். ஆனா ஆள் கொறையுதுன்னு ரோட்டால (டியூட்டி லிஸ்ட்ல) ஸ்டூடண்ட் பேர் போட்டா உடனே பேசுங்க, தள்ளிப் போடாதீங்க. குறிப்பா ரெண்டு பேர் வேணும்னு கேர் பிளான்ல இருக்கற ஹாய்ஸ்ட்டுக்கு (ஆளைத் தூக்கற மெஷின்), டிரெயினிங் முடிக்காத ஸ்டூடண்ட ரெண்டாவது ஆளா நிறுத்தவே கூடாது. ஹாய்ஸ்ட்டும் அதுல ஆளைத் தாங்கற துணியான ஸ்லிங்கும் 6 மாசத்துக்கு ஒரு தடவை முறையா பரிசோதிக்கணும்ங்கறது தூக்கற கருவிகளுக்கான 1998 லோலர் விதி, லேபிள்ல தேதி பாக்காம எத தொடவும் விடாதீங்க. மேனேஜர் ஒத்துக்கலன்னா யூனிவர்சிட்டி பிளேஸ்மென்ட் டியூட்டருக்கு அன்னைக்கே மெயில் போட்டுடுங்க.