எந்த நாளில் மாறியது? – வாசகர் கேள்வி பதில்

நாள்வாரியாகவோ ஆண்டுவாரியாகவோ குறித்து வைக்கப்படும் அளவுகளில் போக்கு எந்த இடத்தில் திரும்பியது என்று கணக்கிட்டுச் சொல்லும் மென்பொருள்களைப் பற்றிச் சென்ற இதழில் சுருக்கமாக எழுதியிருந்தோம். அதையொட்டி வந்த கடிதங்களில் மூன்றை இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் குடியிருப்பில் பன்னிரண்டு வீடுகள், சங்கச் செயலாளராக இருக்கிறேன். கிணற்றில் தண்ணீர் எத்தனை அடி ஆழத்தில் நிற்கிறது என்பதை 2021 ஜூலை முதல் நாள்தோறும் அளந்து எக்செல்லில் பதிந்து வருகிறோம். பக்கத்து மனையில் 2024 தொடக்கத்தில் போர் போட்ட பிறகுதான் மட்டம் இறங்கியது என்று குடியிருப்போர் சொல்கிறார்கள். என் மகன் இந்த அளவுகளை ஆர் என்ற புள்ளியியல் கணினி மொழியில் போட்டுப் பார்த்தபோது, பதினேழு இடங்களில் மாற்றம் என்று வந்தது. இதில் எதை நம்புவது?
– வாசகி, மடிப்பாக்கம்

பதில்: நான்கு ஆண்டுகள் இடைவிடாமல் அளந்து வந்திருக்கிறீர்கள். அதற்கு எங்கள் மனமார்ந்த பாராட்டு. பதினேழு என்ற விடையைக் கண்டு அந்த உழைப்பின் மீது ஐயம் கொள்ள வேண்டாம். கோளாறு உங்கள் அளவுகளில் இல்லை, கேள்வி கேட்கப்பட்ட விதத்தில் இருக்கிறது.

இவ்வகை மென்பொருள்கள் அளவுகளின் வரிசையைத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டின் சராசரியையும் கண்டு, அந்தச் சராசரியிலிருந்து அன்றாட அளவுகள் விலகும் தொலைவின் வர்க்கங்களைக் கூட்டுகின்றன. துண்டுகள் கூடக்கூட இந்தக் கூட்டுத்தொகை குறைந்துகொண்டே போகும். ஒவ்வொரு நாளையும் தனித் துண்டாக்கினால் பூஜ்யமாகவே ஆகிவிடும். அதனால் ஒவ்வொரு வெட்டுக்கும் ஓர் அபராதம் விதிக்கிறார்கள். வெட்டினால் வரும் ஆதாயம் அபராதத்தைவிட மிகுதியாக இருந்தால் மட்டுமே அந்த வெட்டு நிலைக்கும். அளவுகளின் எண்ணிக்கைக்கு இயல் மடக்கை கண்டு அதன் இருமடங்கை அபராதமாக வைப்பது ஒரு வழக்கம். உங்களிடமுள்ள ஏறக்குறைய 1,460 அளவுகளுக்கு அது 14.6 ஆகும். ஆனால் ஆர் மொழியின் சேஞ்ச்பாயின்ட் என்ற நிரல் தொகுப்பில் சராசரி மாற்றத்தைத் தேடும் கட்டளை, அன்றாட ஏற்ற இறக்கத்தின் மாறுபாடு (மேற்சொன்ன விலகல் வர்க்கங்களின் சராசரி) 1 என்று வைத்துக்கொண்டே கணக்கிடுகிறது. அடியில் பதிந்த அளவுகளை ஒருவர் அங்குலமாக மாற்றிக் கொடுத்தால் வர்க்கங்கள் எல்லாம் 144 மடங்கு பெருகும், அபராதமோ இருந்த இடத்திலேயே இருக்கும். தண்ணீர் ஓர் இம்மியும் நகராமலேயே மாற்றப் புள்ளிகள் குவிந்துவிடும். ஆகவே, அன்றாட ஏற்ற இறக்கத்தின் திட்ட விலக்கத்தால், அதாவது மாறுபாட்டின் வர்க்கமூலத்தால், அளவுகளை முதலில் வகுத்துக்கொள்ளும்படி உங்கள் மகனிடம் சொல்லுங்கள்.

அது மட்டும் போதாது. கிணற்றுத் தண்ணீர் நேற்று நின்ற இடத்துக்கு அருகில்தான் இன்றும் நிற்கும், ஆனால் பெரும்பாலான முறைகள் ஒரு நாளின் அளவுக்கும் மறுநாளின் அளவுக்கும் தொடர்பே இல்லை என்று கருதுகின்றன. அடுத்தடுத்த நாள்களின் அளவுகள் எவ்வளவு ஒட்டி நகர்கின்றன என்று காட்டும் ஒட்டுறவுக் கெழு (தொடர்பே இல்லையென்றால் 0, முழுத் தொடர்பு என்றால் 1) 0.9 என்றால், நீண்ட வரிசையின் சராசரிக்கு உண்மையில் உள்ள மாறுபாடு, தொடர்பில்லை என்று நினைத்துப் போடும் கணக்கைவிட ஏறக்குறைய 19 மடங்கு பெரிது. மென்பொருள் மாற்றம் என்று காட்டும் இடங்களில் பல, மெல்ல ஏறி மெல்ல இறங்கும் இயல்பான அசைவுகளாகவே இருக்கக்கூடும். நாளளவுகளை வாரச் சராசரிகளாகச் சுருக்கினால் இந்தத் தொல்லை ஓரளவு குறையும்.

எல்லாவற்றையும்விடப் பெரியது பருவம். சென்னையில் வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கிணறுகள் ஏறுகின்றன, கோடையில் இறங்குகின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொட்டிய மழைக்குப் பின் உங்கள் கிணறும் சட்டென்று ஏறியிருக்கும். அதன் பிறகு 2024 தொடக்கத்தில் அது இறங்கியதில் வியப்பில்லை. போர் போட்ட காலமும் வெள்ளம் வடிந்த காலமும் ஒன்றாக இருக்கும்போது, உங்கள் ஒரு கிணற்றின் அளவை மட்டும் வைத்து இரண்டையும் பிரிப்பது மிகக் கடினம். பருவத்தையும் போக்கையும் பிரித்தெடுத்து மாற்றம் தேடும் பிஃபாஸ்ட் போன்ற தொகுப்புகள் உண்டு. செயற்கைக்கோள் படங்களில் தாவரப் பரப்பின் மாற்றத்தைக் காண்பதற்காக எழுதப்பட்டது அது. ஆனால் நான்கே பருவமழைகளை வைத்துக்கொண்டு வழக்கமான பருவம் இதுதான் என்று அது கற்றுக்கொள்ள இயலும் என்று நாங்கள் நம்பவில்லை.

எங்கள் பரிந்துரை வேறு. இரண்டு மூன்று தெரு தள்ளி, அந்த போரின் இழுப்புக்கு எட்டாத, ஆனால் அதே மழையையும் அதே மண்ணையும் பெற்ற ஒரு கிணற்றை இதே காலத்தில் யாராவது அளந்து வந்திருக்கிறார்களா என்று விசாரியுங்கள். கிடைத்தால், உங்கள் ஆழத்திலிருந்து அவர்கள் ஆழத்தை நாள்வாரியாகக் கழித்து, அந்த வித்தியாசத்தை மட்டும் மென்பொருளுக்குக் கொடுங்கள். மழையும் கோடையும் இரு கிணற்றுக்கும் பொது என்பதால் கழித்தலில் பெரும்பகுதி நீங்கிவிடும். எஞ்சிய வரிசையில் 2024 தொடக்கத்தை ஒட்டி ஒரே ஒரு படி ஏறியிருந்தால், உங்கள் குடியிருப்போர் சொல்வதற்கு வலு உண்டு. அளக்கும் நேரம் மாறியதா, மோட்டார் போடுவதற்கு முன்பா பின்பா, டேப் மாற்றப்பட்டதா, வாட்ச்மேன் மாறினாரா என்பவற்றையும் தேதியோடு எழுதி அருகில் வைத்துக்கொள்ளுங்கள். அளக்கும் விதம் மாறினாலும் மாற்றப் புள்ளி தோன்றும். ஓர் எடுத்துக்காட்டு: சென்னை மாநகராட்சியின் பரப்பு 2011இல் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. குப்பையோ பிறப்போ, மாநகராட்சி அளவில் எண்ணப்படும் எதை எடுத்தாலும் அவ்வாண்டில் ஒரு மாற்றப் புள்ளி தெரியத்தான் செய்யும். அங்கே மாறியது எல்லைக்கோடு.

தேதி கிடைத்துவிட்டால் காரணமும் கிடைத்துவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்கு நைல் நதியே சான்று. அஸ்வானில் 1871 முதல் 1970 வரை பதிவான நூறு ஆண்டு நீரோட்டம் இத்துறையில் புகழ்பெற்ற சோதனைத் தரவு. 1898 வரை ஆண்டுச் சராசரி ஏறக்குறைய 11,000 கோடி கன மீட்டர்; அதன் பிறகு 8,500 கோடி. அஸ்வானின் பழைய அணையைக் கட்டத் தொடங்கியதும் அந்தக் காலத்தில்தான் என்பதால் பலரும் அணையையே காரணமாகச் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் அணை கட்டி முடிந்தது 1902இல். நீரோட்டம் அதற்கு முன்பே இறங்கிவிட்டது. நதிக்குத் தண்ணீர் தரும் வெப்பமண்டலப் பகுதிகளில் மழை குறைந்ததைக் காரணமாகச் சுட்டும் ஆய்வாளர்கள் உண்டு. மேலும், ஸ்ட்ரக்சேஞ்ச் என்ற தொகுப்பு இதே தரவுக்கு 1898 என்று சொல்வதோடு, 95 விழுக்காடு நம்பிக்கை இடைவெளியாக, அதாவது உண்மையான ஆண்டு இருக்கக்கூடிய எல்லையாக, 1895 முதல் 1902 வரை என்றும் தருகிறது. பக்கத்து மனைக்காரரிடம் பேசப் போகும்போது நீங்களும் ஒற்றைத் தேதியைச் சொல்லாமல், இந்த மாதத்துக்கும் அந்த மாதத்துக்கும் இடையில் என்று சொல்வதே நேர்மையானது.

கேள்வி: எங்கள் பட்டறையில் லேத்தில் கடையும் ஷாஃப்டின் விட்டத்தை அரைமணிக்கு ஒன்று வீதம் அளக்கிறோம். கன்ட்ரோல் சார்ட்டில் புள்ளி கோட்டைத் தாண்டுவதற்குள் நிறைய ஷாஃப்ட்டுகள் ரிஜெக்ட் ஆகிவிடுகின்றன. முன்னதாகவே கண்டுபிடிக்க மென்பொருள் உண்டா?
– வாசகர், அம்பத்தூர்

பதில்: உங்களுக்குத் தேவைப்படுவது எக்செல்லில் ஒரு நெடுவரிசை மட்டுமே. வால்டர் ஷூவார்ட் 1924இல் வகுத்த கன்ட்ரோல் சார்ட், அதாவது அளவுகளை வரிசையாகக் குறித்து எல்லைக் கோட்டைத் தாண்டுகிறதா என்று பார்க்கும் வரைபடம், ஒவ்வொரு புள்ளியையும் தனியாகப் பார்க்கிறது. சராசரி ஒரு திட்ட விலக்க அளவு நகர்ந்தால், சராசரியிலிருந்து மூன்று திட்ட விலக்கம் தள்ளிப் போட்ட கோட்டைத் தாண்டும் வரை சராசரியாக 44 அளவுகள் கடந்துவிடும். உங்கள் கணக்கில் அது 22 மணி நேரம். இ. எஸ். பேஜ் 1954இல் முன்வைத்த கியூசம் முறை சிறு விலகல்களைச் சேர்த்துக்கொண்டே போவதால், அதே நகர்வை ஏறக்குறைய 10 அளவுகளில், அதாவது ஐந்து மணி நேரத்தில் காட்டிவிடுகிறது. பொய் எச்சரிக்கைகளும் இதனால் மிகுவதில்லை: எதுவும் மாறாதபோது ஷூவார்ட் முறையில் சராசரியாக 370 அளவுகளுக்கு ஒரு பொய் எச்சரிக்கை, கியூசமில் 465க்கு ஒன்று.

குறி (வர வேண்டிய விட்டம்) 25.000 மில்லிமீட்டர், திட்ட விலக்கம் 0.010 என்று கொள்வோம். ஒவ்வொரு அளவிலிருந்தும் குறியைக் கழித்து, மேலும் அரை விலக்கமான 0.005ஐக் கழித்து, மீதியை முந்தைய கூட்டுத்தொகையோடு சேர்க்க வேண்டும். கூட்டுத்தொகை பூஜ்யத்துக்குக் கீழே போனால் பூஜ்யமாக்கிவிட வேண்டும். 25.012, 25.009, 24.998, 25.015 என்று அளவுகள் வந்தால் கூட்டுத்தொகை 0.007, 0.011, 0.004, 0.014 என்று நகரும். அது ஐந்து விலக்கமான 0.050ஐத் தாண்டியதும் இயந்திரத்தை நிறுத்திப் பாருங்கள். விட்டம் சிறுத்துப்போவதைப் பிடிக்க, இதையே எதிர்த்திசையில் இன்னொரு நெடுவரிசையாகப் போட வேண்டும். எச்சரிக்கை வந்ததும், கூட்டுத்தொகை கடைசியாகப் பூஜ்யத்தில் நின்ற இடத்தைத் தேடுங்கள். நகர்வு ஏறக்குறைய அங்கேதான் தொடங்கியிருக்கும். அதற்குப் பிறகு கடைந்தவற்றையெல்லாம் மீண்டும் அளப்பது நல்லது.

கேள்வி: பைத்தான் கணினி மொழியில் மாற்றப் புள்ளிகளைத் தேடும் ரப்ச்சர்ஸ் தொகுப்பைப் பயன்படுத்துகிறேன். விடைகள் எல்லாம் 5இன் மடங்குகளாகவே வருகின்றன. ஆர் மொழியில் அதே தரவுக்கு வேறு எண்கள் வருகின்றன. எது சரி?
– மாணவர், தாம்பரம்

பதில்: ரப்ச்சர்ஸில் ஜம்ப் என்ற அமைப்பு, நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால், 5 என்று இருக்கும். விரைவு கருதி ஐந்தைந்து இடமாகத் தாண்டியே வெட்டுகளைத் தேடுகிறது. அதை 1 ஆக்கிவிடுங்கள். உங்கள் ஆயிரம் இரண்டாயிரம் அளவுகளுக்கு அதனால் வரும் தாமதம் பொருட்படுத்தத் தக்கதன்று. விடைப் பட்டியலின் கடைசி எண் தரவின் மொத்த நீளம்தான் என்பதால், அதை மாற்றமாக எண்ணிவிடாதீர்கள்.

மேலே சொன்ன நைல் தரவையே இரண்டிலும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அமைப்புகள் சரியாக இருந்தால் இரண்டிலும் 28 என்றே வர வேண்டும், ஆனால் பொருள் சொல்லும் விதம் வேறு. ஆர் 1இலிருந்து எண்ணுவதால் அந்த 28, பழைய துண்டின் கடைசி ஆண்டான 1898. பைத்தான் பூஜ்யத்திலிருந்து எண்ணுவதால் அதே 28, புதிய துண்டின் முதல் ஆண்டான 1899. வெட்டு விழும் இடம் இரண்டிலும் ஒன்றே. அறிக்கையில் தேதியை எழுதும்போது, பழையதன் கடைசி நாளா, புதியதன் முதல் நாளா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.