தூக்கத்தைக் கலைக்கும் வயிற்று வலி

கேள்வி: எனக்கு வயது 36. மூன்று ஆண்டுகளாகக் காலையில் அலுவலகம் கிளம்புவதற்குள் வயிறு முறுக்கி, மூன்று முறை மலம் கழிக்க நேர்கிறது. கழித்ததும் வலி தணிகிறது. மலத்துடன் சளியும் வருகிறது. ஐ.பி.எஸ். என்ற குடல் நோய் என்றார் மருத்துவர். அது புற்றுநோயாக மாறும் என்று இணையத்தில் படித்ததிலிருந்து நிம்மதியில்லை. மருந்துக் கடையில் வாங்கும் ஆன்டிபயாடிக் மாத்திரையால் அவ்வப்போது நிற்கிறது. ஒரு மாதமாகச் சில இரவுகளில் வலி என்னை எழுப்பிவிடுகிறது.

பதில்: ஐ.பி.எஸ். எனப்படும் குடல் எரிச்சல் நோய் புற்றுநோயாக மாறாது; அதனால் ஆயுளும் குறையாது. சளியைப் பற்றிய கவலையையும் விட்டுவிடுங்கள். 33 நாடுகளில் நடத்தப்பட்டு 2021இல் வெளியான ஆய்வில், கடுமையான வரையறையின்படி கணக்கிட்டபோதே, இணையவழி பதிலளித்தவர்களில் நூற்றில் ஏறத்தாழ 4 பேருக்கு இந்நோய் இருந்தது. மூளைக்கும் குடலுக்கும் இடையிலான நரம்புத் தொடர்பு அளவுக்கு மீறிக் கூர்மையடைவதால், இயல்பான குடல் அசைவே இவர்களுக்கு வலியாகிறது.

நீங்கள் அஞ்ச வேண்டிய செய்தி, கடிதத்தின் கடைசி வரியில் இருக்கிறது. பகலில் எவ்வளவு படுத்தினாலும், உறங்கும் நேரத்தில் ஐ.பி.எஸ். பொதுவாக அடங்கியே இருக்கும்; ஆகவே, மூன்று ஆண்டுகளாக ஒரே மாதிரி இருந்த வலி இப்போது உறக்கத்திலிருந்து எழுப்பத் தொடங்கியிருப்பதைப் பழைய நோயின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. இதற்கும் புற்றுநோய் என்று பொருளல்ல. நம் நாட்டில் குடல் காசநோயையும் குரோன் நோய் போன்ற குடல் அழற்சிகளையும் முதலில் நினைக்க வேண்டும்; இரண்டுக்கும் சிகிச்சை உண்டு, தாமதித்தால் குடல் சுருங்கி அடைப்பு ஏற்படலாம். இந்த வாரமே குடல் நோய் நிபுணரிடம் சென்று, எடை குறைந்திருக்கிறதா, மாலையில் காய்ச்சல் வருகிறதா, மலத்தில் இரத்தம் உண்டா என்பதையும் சொல்லுங்கள். இரத்தப் பரிசோதனையும் மலத்தில் குடல் அழற்சியைக் காட்டும் கால்புரோடெக்டின் என்ற புரதத்தின் அளவும் பார்த்துவிட்டு, பெருங்குடலைக் குழாய் செலுத்திப் பார்க்கும் கொலனோஸ்கோப்பி தேவையா என்பதை அவர் முடிவு செய்வார்.

மருந்துக் கடை மாத்திரையை இன்றோடு நிறுத்துங்கள். சீட்டில்லாமல் வாங்கிய ஆன்டிபயாடிக்கை நினைத்தபோது இரண்டு நாள் விழுங்குவது ஐ.பி.எஸ்.ஸைக் குணப்படுத்தாது, குடலின் நல்ல பாக்டீரியாக்களைக் கெடுத்து வயிற்றுப்போக்கை வளர்க்கவே செய்யும், உள்ளே வேறு நோய் இருந்தால் அதை மறைக்கவும் கூடும்.

பரிசோதனைகளில் வேறு நோய் இல்லையென்று தெரிந்தால் சிகிச்சை எளிது. இசப்கோல் என்ற நார்ச்சத்தைச் சிறிய அளவில் தொடங்கிக் கூட்டலாம். கோதுமைத் தவிடு வேண்டாம், அது உப்புசத்தைக் கூட்டும். வெங்காயம், பூண்டு, கோதுமை, பால், பயறு வகைகளை உணவியல் நிபுணரின் மேற்பார்வையில் நான்கு முதல் ஆறு வாரங்கள் குறைத்து, பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்து, ஒவ்வாததை மட்டும் தள்ளலாம். எல்லாவற்றையும் நிரந்தரமாக விலக்கி உடல் மெலிவது தவறு. முறுக்கு வலிக்கு மெபெவரின் தருவோம். அதற்கும் அடங்காவிட்டால் மனச்சோர்வுக்கும் தரப்படும் அமிட்ரிப்டிலின் குறைந்த அளவில் நன்கு உதவுகிறது. மனநோய்க்கான மாத்திரை என்று பயந்து பலர் இதை மறுத்துவிடுகிறார்கள், இந்த அளவில் அது குடல் நரம்புகளின் கூர்மையைத் தணிப்பதற்காகவே தரப்படுகிறது. இரவு வலிக்கான காரணம் தெரியும்வரை இவற்றில் எதையும் நீங்களாகத் தொடங்க வேண்டாம்.