வளர்ந்த பிள்ளைகளும் கோடை விடுமுறையும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கரூரிலிருந்து எழுதுகிறேன். நான் அரசுப் பள்ளி ஆசிரியை. கணவர் ஜவுளி ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் கணக்கு எழுதுகிறார். மகன் கோவையில் விடுதியில் தங்கி மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். மகளுக்கு இந்த மாதம் பதினெட்டு முடிந்தது. பிளஸ் டூ எழுதிவிட்டு நீட் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். அவளும் கல்லூரிக்கென்று கிளம்பிவிட்டால் இப்படி நால்வரும் ஒரே வீட்டில் இருக்கும் கோடை இனி வருமா என்ற நினைப்பு என்னை உறங்க விடவில்லை. மே மூன்றாம் வாரம் ஊட்டிக்குப் போகலாமென்று அறைக்கு முன்பணம் கட்டினோம். இருவரிடமும் சொன்னபோது, "நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்கம்மா" என்றார்கள். மகன் வீட்டுக்கு வந்தால் பதினொரு மணி வரை தூங்குகிறான், எழுந்ததும் கைபேசி. மகள் அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறாள். தோளுக்கு மிஞ்சினால் தோழன் என்று என் மாமியார் அடிக்கடி சொல்வார். இவர்கள் தோழர்களோடுதான் இருக்கிறார்கள், எங்களோடு இல்லை. நாங்கள் அவர்களுக்காகத்தானே இவ்வளவும் செய்கிறோம்? ஊட்டியை ரத்து செய்துவிடலாமா? இந்தக் கோடையை எப்படித்தான் மகிழ்ச்சியாகக் கழிப்பது?

(பெயர் வெளியிட வேண்டாமென்று கேட்டிருக்கும் வாசகி)

*

அன்புள்ள சகோதரிக்கு,

"நாங்கள் அவர்களுக்காகத்தானே இவ்வளவும் செய்கிறோம்" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வருத்தத்தின் காரணம் அந்த வரியிலேயே இருப்பதாக எனக்குப் படுகிறது. ஏழு வயதுப் பிள்ளைக்கு எல்லாவற்றையும் நாம் ஏற்பாடு செய்து, கையைப் பிடித்து அழைத்துப்போனால், அது துள்ளிக்கொண்டு வரும். விடுதியில் தன் துணியைத் தானே துவைத்து, மாதச் செலவுக்குக் கணக்குப் பார்த்து, வெள்ளிக்கிழமை மாலைக் கூட்டத்தில் காங்கயம் வழியாகப் பேருந்தில் நின்றபடியே ஊர் வந்து சேரும் ஓர் இளைஞனிடம், எந்த ஊர், எந்தத் தேதி, எந்த அறை என்பதையெல்லாம் முடிவு செய்த பிறகு "கிளம்பு" என்று சொன்னால், அவன் அந்தப் பயணத்தில் தனக்கு ஒரு வேலையும் இல்லை என்பதைத்தான் முதலில் உணர்வான். "நீங்க போயிட்டு வாங்க" என்று அவன் சொன்னதில் உங்கள் மீதான விலகலைவிட அந்த உணர்வே அதிகம் என்று நினைக்கிறேன்.

ஆகவே நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: இந்தக் கோடையைப் பிள்ளைகளுக்காக நடத்துவதை நிறுத்திவிட்டு, அதை நடத்தும் பொறுப்பில் பாதியை அவர்கள் கையில் கொடுங்கள். பெரியவர்களாகிக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு நம்மோடு இருப்பதில் கிடைக்கக்கூடிய பெரிய மகிழ்ச்சி, நம் வீட்டில் தாங்கள் உண்மையிலேயே தேவைப்படுகிறோம் என்று அறிவதுதான்.

ஊட்டியையே எடுத்துக்கொள்வோம். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்குப் போகும் மலை ரயிலில் உங்கள் மகன் சிறுவயதில் போயிருக்கக்கூடும். அப்போது குகைக்குள் கூச்சலிட்டதைத் தவிர வேறெதுவும் நினைவிருக்காது. மெக்கானிக்கல் படிக்கும் மாணவனுக்கு அந்த 46 கிலோமீட்டர் ஒரு பாடப்புத்தகம். கல்லாறிலிருந்து குன்னூர் வரை இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே பல் வைத்த இரும்புச் சட்டம் ஓடுகிறது. இன்ஜினுக்கு அடியிலுள்ள பற்சக்கரம் அந்தப் பற்களைக் கவ்விக் கவ்வி, பெட்டிகளைப் பின்னாலிருந்து தள்ளியபடி மலையேறுகிறது. மிகச் செங்குத்தான இடங்களில் பன்னிரண்டரை அடி போவதற்குள் ஓரடி உயர்ந்துவிடும் பாதை அது. சாதாரண ரயில் இன்ஜினின் சக்கரங்கள் அங்கே வழுக்கித்தான் நிற்கும். குன்னூர் வரை 1899-லும் உதகை வரை 1908-லும் போடப்பட்ட இந்தப் பாதையை 2005-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்தது. இதையெல்லாம் நீங்கள் அவனுக்குச் சொல்ல வேண்டாம். வாழ்நாளெல்லாம் கணக்குப் புத்தகத்தோடு இருந்த தகப்பனார், "இது எப்படிடா வழுக்காம ஏறுது?" என்று கல்லாறு நிலையத்தில் மகனிடம் உண்மையான ஆர்வத்தோடு கேட்கட்டும். அவன் சொல்லத் தொடங்குவான். இதுவரை அப்பா விளக்க மகன் கேட்டுக்கொண்டிருந்த வீட்டில் அந்த வரிசை ஒருமுறை மாறினால், அதன் இனிமை இருவருக்கும் வெகுநாள் நிற்கும்.

அந்த ரயிலில் மே மாதத்தில் இடம் கிடைப்பது எளிதில்லை. 2024 நவம்பர் முதல் ரயில்களுக்கு 60 நாட்களுக்கு முன்புதான் முன்பதிவு தொடங்குகிறது; உங்கள் தேதிக்கு இந்நேரம் காத்திருப்போர் பட்டியல்தான் இருக்கும். மேலிருந்து இறங்கும் வண்டியில் இடம் உண்டா, குன்னூர் வரை பேருந்தில் போய் அங்கிருந்து ஏற முடியுமா, அதுவும் இல்லையென்றால் வேறு எந்த வழி என்று தேடுவது அவன் பொறுப்பாக இருக்கட்டும். காரில் போவதென்றால், உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே முதல் நீலகிரிக்கு இ-பாஸ் வேண்டும். 2025 கோடையில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டிகள்தான் என்று வரம்பும் வைத்தார்கள். இந்த ஆண்டு விதி என்னவென்று பார்த்துப் பதிவு செய்வதை நீட் முடிந்தபின் மகளிடம் கொடுங்கள். அவர்கள் எடுக்கும் முடிவு உங்களுக்குப் பிடித்ததாக இல்லாவிட்டாலும் அதன்படியே நடங்கள். பொறுப்பைக் கொடுத்துவிட்டுப் பின்னாலேயே போய்த் திருத்திக்கொண்டிருந்தால் கொடுக்காமலே இருந்திருக்கலாம்.

இதோடு செலவுக்கு எவ்வளவு வைத்திருக்கிறீர்கள் என்பதையும் அவர்களிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். நடுத்தர வீடுகளில் பிள்ளைகளிடம் பணத்தைப் பற்றிப் பேசுவதைக் கூச்சமாக நினைக்கிறோம். தோழன் என்று வாயால் சொல்லிவிட்டு, தோழனிடம் சொல்லக்கூடியவற்றை மறைத்தால் அவன் எப்படித் தோழனாவான்? மொத்தத் தொகை தெரிந்ததும், எங்கே தங்குவது, எதைக் குறைப்பது என்று அவர்களே வாதாடுவார்கள்; அந்த வாதத்துக்காகவே நால்வரும் ஓர் இரவு கூடத்தில் உட்கார்ந்திருப்பீர்கள்.

பதினொரு மணித் தூக்கத்துக்கு வருகிறேன். பெற்றோர் பலரும் இதைச் சோம்பல் என்று எண்ணி, விடுமுறையின் முதல் சண்டையை இதில்தான் தொடங்குகிறார்கள். பதின்பருவத்தில் உடலின் உறக்கக் கடிகாரம் பின்தள்ளிப்போகிறது. உறக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் சுரப்பு பெரியவர்களைவிடப் பிந்தியே தொடங்குகிறது. இருபது வயதை ஒட்டித்தான் அது மெல்லத் திரும்பும். கைபேசி இதை மோசமாக்குகிறது என்பது உண்மைதான். ஆனால் கைபேசி இல்லாத காலத்திலும் இந்த வயதினர் இரவில் விழித்துப் பகலில் தூங்கினார்கள். அவர்களுடைய நாள் நம்முடையதிலிருந்து இரண்டு மணி நேரம் தள்ளி நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை ஆறு மணிக்குக் காப்பியோடு போய் அவன் கட்டிலருகே நின்றால் கிடைக்காத பையன், இரவு பதினொரு மணிக்கு அடுப்படியில் கிடைப்பான்.

அந்த நேரத்தில் அவனுக்குப் பசிக்கும். ஃபிரிட்ஜைத் திறந்து மூடுவான். மிச்சமிருக்கும் மாவில் இரண்டு தோசை வார்த்து, முட்டையை உடைத்து ஊற்றி, மிளகைத் தூவுவான். நீங்கள் எழுந்து போய்க் கரண்டியை வாங்காதீர்கள். ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, "எனக்கும் ஒண்ணு ஊத்துப்பா" என்று மட்டும் கேளுங்கள். தோசையின் ஒரு பக்கம் கருகியிருக்கலாம். ஒன்றும் சொல்லாமல் சாப்பிடுங்கள். விடுதி அறைத் தோழன், பிடிக்காத பாடம், எதிர்காலம் பற்றிய பயம், ஒருவேளை ஒரு பெண்ணின் பெயர் என்று பகலில் வராத பேச்செல்லாம் தோசைக்கல்லைப் பார்த்தபடி திரும்பி நிற்கும் முதுகிலிருந்துதான் வரும். அறிவுரை நாக்கின் நுனி வரை வந்தாலும் அன்றைக்கு வேண்டாம். மறுநாள் நீங்கள் பள்ளிக்குப் போக வேண்டியதில்லை. கோடை விடுமுறை உங்களுக்கும்தானே. ஆசிரியைக்குக் கிடைக்கும் இந்தச் சலுகை, ஆண்டு முழுக்க அலுவலகம் போகும் எத்தனையோ தாய்மார்களுக்குக் கிடைக்காதது.

மகள் விஷயம் வேறு. நீட் தேர்வு முடியும் வரை அவளை விட்டுவிடுங்கள். கதவு சாத்தியே இருக்கட்டும். அதன் பிறகு வருவதுதான் கடினமான காலம். மே மாதத்தில் பிளஸ் டூ முடிவு, ஜூனில் நீட் முடிவு, அதற்குள் பொறியியலுக்கும் விண்ணப்பித்து வைக்கலாமா என்ற கேள்வி, கட்-ஆப் எவ்வளவு என்று கேட்கும் உறவினர்கள். படித்து முடித்த பின்னும் மூச்சுவிட முடியாத இந்த இடைவெளியில் அவளுடைய கோடை முழுவதும் கரைந்துவிடும் ஆபத்து இருக்கிறது. சாப்பாட்டு நேரத்தில் நீட்டின் 720-ஐப் பற்றியும் பொறியியல் கட்-ஆப்பின் 200-ஐப் பற்றியும் யாரும் பேசக் கூடாது என்று வீட்டில் ஒரு விதி வையுங்கள்; விருந்தாளிகளுக்கும் அதுவே விதி. இதை உங்கள் மாமியாரே அறிவித்தால் எவரும் மீறமாட்டார்கள்.

அவளுக்குப் பதினெட்டு ஆகிவிட்டது என்கிறீர்கள். எல்.எல்.ஆர். எனப்படும் பழகுநர் உரிமம் எடுக்கச் சொல்லுங்கள். அது ஆறு மாதம் செல்லும். முப்பது நாள் கழித்து உரிமத் தேர்வுக்குப் போகலாம். முடிவுக்காகக் காத்திருக்கும் காலத்துக்கு இதைவிடப் பொருத்தமான வேலை எனக்குத் தோன்றவில்லை. விடியற்காலையில், வெயில் ஏறும் முன், எல் பலகை கட்டிய வண்டியில் அவள் ஓட்ட, அப்பா பக்கத்தில் உட்காரட்டும். கிளட்ச்சை விடும்போது வண்டி குலுங்கி நிற்கும், மறுபடி கிளப்புவாள். எதிரெதிரே உட்கார்ந்து பேசக் கூச்சப்படும் தகப்பனும் மகளும், இருவர் கண்ணும் சாலையில் இருக்கும்போது தாராளமாகப் பேசுவார்கள். மதிப்பெண் சம்பந்தமில்லாத ஒன்றை அவள் கற்றுத் தேறுகிறாள் என்பதும் அந்த மாதத்தில் அவளுக்கு வேண்டிய மருந்து.

மாமியாரை நீங்கள் ஒரு பழமொழிக்காக மட்டுமே கடிதத்தில் கொண்டுவந்திருக்கிறீர்கள். எனக்கென்னவோ உங்கள் வீட்டின் கோடையை நடத்தத் தெரிந்தவர் அவராகத்தான் இருப்பார் என்று தோன்றுகிறது. அக்னி நட்சத்திர வெயிலில் கூழ் வடகம் போடச் சொல்லுங்கள். ஊறவைத்து அரைத்த அரிசி மாவைப் பெரிய பாத்திரத்தில் கட்டி தட்டாமல் கிண்டுவதற்கு வலுவான கை வேண்டும். அந்தக் கை உங்கள் மகனுடையது. பச்சை மிளகாய், சீரகம், உப்பு, கடைசியில் எலுமிச்சைச் சாறு. உப்பு சரியா என்று ஆளுக்கொரு விரல் வழித்து நாக்கில் வைத்துப் பார்ப்பதில் பாதிக் கூழ் குறையும். மாடியில் பழைய வேட்டியை நனைத்து விரித்து, நான்கு மூலையிலும் கல் வைத்து, கரண்டி கரண்டியாக ஊற்றி முடிப்பதற்குள் ஏழு மணி வெயில் முதுகில் ஏறிவிடும். மாலையில் வேட்டியைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் தண்ணீர் தெளித்து ஒவ்வொன்றாக உரிக்கும்போது, பேத்தியிடம் பாட்டி தான் கல்யாணமாகி வந்த முதல் கோடையைப் பற்றிச் சொல்வார். மகன் விடுதிக்கு எடுத்துப்போகும் டப்பாவில் அவன் கிண்டிய வடகமே இருக்கும்.

இதற்கெல்லாம் அவர்கள் உடனே வந்துவிடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. சில நாட்கள் வரமாட்டார்கள். நண்பர்களோடு வெளியே போவார்கள், போகட்டும். அந்த நண்பர்களையும் ஒருநாள் வீட்டுக்கு அழைத்து மாம்பழமும் நுங்கும் வாங்கிவைத்துவிட்டு, நீங்கள் இருவரும் சற்று நேரம் வெளியே போய்வந்தால், அடுத்த முறை அவர்கள் உங்கள் வீட்டிலேயே கூடுவார்கள். பிள்ளைகளின் சிரிப்புச் சத்தம் அடுத்த அறையிலிருந்து கேட்பதும் சேர்ந்திருப்பதுதான்.

இதுவே கடைசிக் கோடை என்ற உங்கள் பயத்தை நான் லேசாக எண்ணவில்லை. மூன்றாம் ஆண்டுக்குப் பிறகு மகனுக்கு இன்டர்ன்ஷிப் வரும். மகளுக்கு மருத்துவம் கிடைத்தால் பள்ளிக்கூடத்தைப்போல நீண்ட கோடை விடுமுறை அங்கே கிடையாது. நால்வரின் விடுமுறையும் ஒரே மாதத்தில் அமைவது இனி அரிதுதான். ஆனால் அந்த ஏக்கத்தைப் பிள்ளைகளிடம் திரும்பத் திரும்பச் சொல்லாதீர்கள். "இனிமே எங்கே இப்படி இருக்கப்போறோம்" என்று ஒவ்வொரு வேளையும் கேட்டால், புறப்படப்போகிறோமே என்ற குற்ற உணர்வில் அவர்கள் இன்னும் விலகுவார்கள். உங்கள் கணவரிடம் சொல்லுங்கள். அவருக்கும் அதே பயம் இருக்கும்.

ஊட்டியை ரத்து செய்ய வேண்டாம். இன்று இரவே அறைச் சீட்டையும் செலவுத் தொகையையும் இருவர் முன்னும் வைத்து, "இதை என்ன செய்யலாம், நீங்களே சொல்லுங்கள்" என்று கேளுங்கள். தேதியை ஜூனுக்குத் தள்ளிக் குற்றாலம் போகலாம் என்றாலும் சரி, மதுரைக்குப் போய்க் கீழடி அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு இரவே திரும்பலாம் என்றாலும் சரி. எங்கும் வரவில்லை என்று அவர்கள் உறுதியாகச் சொன்னால், நீங்களும் கணவரும் மட்டும் ஊட்டிக்குப் போய்வாருங்கள். வீட்டையும் பாட்டியையும் இரண்டு நாள் அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். வேறு ஊர் என்று முடிவானால், கட்டிய முன்பணத்தில் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்று ஊட்டி விடுதிக்காரரிடம் பேசும் வேலை மகனுடையது.

அன்புடன்.